சீட்டில் கை வைக்காதவன்

ஆகஸ்ட் பதினைந்து வந்தால்தான் எங்கள் ஊருக்கு என் ஞாபகம் வரும். மற்ற நாட்களில் யாராவது என் வீட்டைத் தேடி வந்தால், "அதோ, பட்டாளத்துக்காரர் வூடு" என்று கை நீட்டுவார்கள், அதோடு சரி. அன்றைக்கு மட்டும் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பம் வரை கூட்டிக்கொண்டு போய், கயிற்றைக் கையில் கொடுத்து, கொடி ஏறியதும் கை தட்டி, ஒரு ஆரஞ்சு மிட்டாயும் தந்து அனுப்பிவைப்பார்கள். கொடி ஏற்றத் தகுதியுள்ள இந்தக் கைக்கு எங்கள் ஏரியில் ஒரு வலை கட்டத் தகுதி கிடையாது. இதைச் சொன்னால் எனக்கு முன்கோபம் என்கிறார்கள். முன்கோபம் இல்லை ஐயா, இது பல வருஷத்துக் கோபம்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. ஏரியில் இறால் ஓடும் இடங்கள் சில உண்டு. எல்லோரும் ஒரே நாளில் போய் அங்கே வலை கட்ட முடியாது. அதனால் யார், எந்த இடத்தில், எந்த முறையில் கட்டுவது என்று வருஷத்துக்கு ஒரு தடவை சீட்டுப் போட்டு எடுப்போம். இதற்குப் பெயர் பாடு. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அம்மன் கோயில் வாசலில் ஊர் ஆண்கள் எல்லோரும் கூடுவார்கள். பித்தளைச் சொம்பில் சுருட்டிய சீட்டுகள் இருக்கும். பாடு உள்ளவன் தன் கையை விட்டுத் தன் சீட்டை எடுக்க வேண்டும். அப்பனுக்காக மகனோ, அண்ணனுக்காகத் தம்பியோ எடுக்கக் கூடாது. சீட்டு எடுத்த பிறகு காய்ச்சல், சாவு என்றால் வலை கட்ட வேறு ஆளை அனுப்பலாம். சீட்டில் மட்டும் சொந்தக் கைதான் பட வேண்டும். தொடர்ந்து மூன்று வருஷம் கை வைக்காதவன் பெயரை வெட்டிவிடுவார்கள். பதினெட்டு வயதானால் ஊரில் பிறந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனுக்கும் பாடு உண்டு. வெட்டிவிட்டால் திரும்பக் கிடையாது.

என் ஆயுசில் நான் ஒரே ஒரு தடவைதான் சொம்புக்குள் கை விட்டிருக்கிறேன். அடுத்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டேன். தேசபக்தி என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பக்கத்து ஊரான தோணிரேவுச் சிநேகிதன் ஒருவன் ஆள் எடுப்புக்குப் போனான், துணைக்கு நானும் போனேன். அவனுக்கு மார்பளவு பத்தவில்லை என்று தள்ளிவிட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நாலு நாள் தாங்க மாட்டே, ஓடி வந்துருவே" என்று நைனா சொன்னார். அந்த வார்த்தைக்காகவே பதினேழு வருஷம் தாங்கினேன்.

பிறந்ததிலிருந்து தண்ணீரிலேயே கிடந்தவனைக் கொண்டுபோய்ப் பாலைவனத்தில் போட்டார்கள். பட்டாளத்துக் கணக்கு அப்படி. மலைக்காரனைக் கடற்கரைக்கு அனுப்பும், மீன்பிடிக்கிறவனை மணலுக்கு அனுப்பும். குடிக்கிற தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். ஒரு மக்கில் முகம் கழுவி, அதே தண்ணீரில் தாடி மழித்து, மிச்சத்தில் சாக்ஸ் அலச வேண்டும். விடிவதற்கு முன்னால் விசில் அடிக்கும். விசில் அடித்த பிறகு எழுந்தால் போதாது, விசில் அடிக்கும்போது நீ ஷூ கயிறு கட்டி முடித்திருக்க வேண்டும். கம்பளியை மடித்தால் ஓரம் கத்திபோல நிற்க வேண்டும். அது கொஞ்சம் சாய்ந்திருந்ததற்காக, உச்சி வெயிலில் துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடியிருக்கிறேன். கம்பளி ஒழுங்காக மடிந்திருந்தால் எதிரி பயந்துவிடுவானா என்று மனசுக்குள் கேட்டபடி ஓடினேன். வாய்விட்டுக் கேட்டால் இன்னும் இரண்டு சுற்று சேரும்.

லங்கர் என்று சொல்கிற சமையல் கொட்டகையில் காலையும் மாலையும் ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு. நாக்கு செத்துப்போய், முதல் லீவு முடிந்து போகும்போது அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுபோனேன். பாரக்கில் பெட்டியைத் திறந்த அன்றைக்குப் பெரிய கலவரம். எங்கேயோ செத்த எலி கிடக்கிறது என்று கட்டில் கட்டிலாகத் தேடினார்கள். கடைசியில் என் பெட்டியிலிருந்து எடுத்து, குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார் ஹவில்தார். நானே குழி வெட்டி, நானே புதைத்தேன். மணலில் இறங்கிய அந்த வாளைக் கருவாட்டின் வாசனை இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. அவர்கள் டப்பாவில் கொண்டுவந்த நெய்யும் ஊறுகாயும் நாறவில்லை பாருங்கள்.

அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லீவு விஷயம்தான் ஆறவில்லை. எங்கள் கம்பெனியில் பஞ்சாப் பக்கத்துப் பையன்கள் நிறைய. கோதுமை அறுவடைக்கு லீவு கேட்டால் ஹவில்தார் காரணமே கேட்க மாட்டார். அவர் வீட்டிலும் கோதுமை வயல் இருந்தது. நான் ஆவணியில் லங்கரில் அவர் முன்னால் போய் நின்றேன். அப்போது என் இந்தி அரைகுறை. ஊரில் சீட்டு எடுக்கிறார்கள், நான் போய்க் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் என் பங்கு போய்விடும் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். "எதுக்குச் சீட்டு?" என்று கேட்டார். "ஜீங்கா" என்றேன். இந்தியில் இறாலுக்கு அதுதான் சொல். கொட்டகையே சிரித்தது. "இறால் பிடிக்க லீவா? அறுவடைன்னா வயல்லே விளையணும்" என்றார். அன்றையிலிருந்து என் பெயர் ஜீங்கா. பதினேழு வருஷமும் அதுதான் பெயர். எனக்குச் சர்வீஸ் மெடல் கொடுத்த அன்றைக்குக்கூடப் பின் வரிசையில் எவனோ அப்படித்தான் கூப்பிட்டான்.

வயலில் விளைந்தால் விவசாயம், தண்ணீரில் விளைந்தால் விளையாட்டு. இந்தப் புத்தியைப் படித்தவனிடமும் பார்த்திருக்கிறேன், பட்டாளத்திலும் பார்த்திருக்கிறேன். அடுத்த இரண்டு ஆவணியும் அப்படியே போனது. ஒரு வருஷம் எல்லையில் பதற்றம் என்று எல்லோருடைய லீவும் ரத்து. அது நியாயம், அதற்கு நான் கோபப்படவில்லை. இன்னொரு வருஷம் லீவு கிடைத்தது, ஆவணிக்கு அல்ல, தைக்கு. தையில் வந்து என்ன செய்வது, பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மூன்றாவது சீட்டு முடிந்ததும் நைனா இன்லேண்டு லெட்டர் போட்டார். எல்லோரும் சுகம், பாடு வெட்டிவிட்டார்கள், நேரத்துக்குச் சாப்பிடு என்று எழுதியிருந்தது. நான் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே அதைப் படித்தேன்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தபோது முதல் வேலையாகப் பஞ்சாயத்துக்குப் போனேன். நான் ஊர் சுற்றப் போகவில்லை, திருட்டுக் குற்றத்துக்கு உள்ளே போகவில்லை, என் பாட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அப்போதே ஊர்த் தலைவர் என் மனைவியின் அண்ணன்தான். எனக்கு மச்சான். அவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"மச்சான், உனக்குத்தான் மாசமானா பென்ஷன் வருதே. வாய்க்கும் வயித்துக்கும் ஏரிய நம்பிக் கீறவன் நெலமைய யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. முகத்துவாரம் மணல் மூடி மூடி, ஏரிக்குள் கடல் தண்ணீர் வருவதே குறைந்துவிட்டது. இறால் ஓடும் இடங்கள் குறைய, ஒருவனுக்கு ஒரு முறை வந்து அடுத்த முறை வருவதற்குள் வீட்டில் அடுப்பு பல நாள் அவிந்து கிடக்கிறது. ஒரு பெயரை வெட்டினால் மிச்சப் பேருக்கு முறை கொஞ்சம் முன்னால் வரும். அந்தச் சந்தோஷம் அன்றைக்குச் சுற்றி நின்றவர்கள் முகத்தில் தெரிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். எங்கள் ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் அதே பக்கம் கம்பெனிகளில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறார்கள். ஆவணியில் ஒரு நாள் லீவு போட்டு, பைக்கில் வந்து சொம்பில் கை விட்டுவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்குப் பாடு உண்டு. மீஞ்சூர் கிட்டே இருக்கிறது, எல்லை தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கதை முடிந்த கதை. என் மகன் விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுக்குப் பதினெட்டு ஆனதும் பாடு வந்தது. முதல் சீட்டு எடுத்த அன்றைக்கு அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. அந்த வருஷம் முழுக்க அவன் படகில் போனான். என்னைவிடத் தேவலை, தண்ணீரில் அவனுக்குப் பயமும் கிடையாது, அவசரமும் கிடையாது. இவனாவது இங்கே நிற்பான் என்று இருந்தேன். அவனோ விடியற்காலையில் சவுக்குத் தோப்பு ஓரமாக மணலில் ஓட ஆரம்பித்தான். பட்டாளத்து ஆள் எடுப்புக்குத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நாலு வருசம்தான் வெச்சுப்பாங்களாமே. நீ இன்னா வாடகை சைக்கிளா?" என்று கத்தினேன். "நாங்க போனப்ப பென்ஷன்னு ஒண்ணு இருந்துச்சு. உன்னை ஓட்டிப் பாத்துட்டு ஸ்டாண்டு போட்டுட்டுப் போயிருவான்."

"இங்க மட்டும் இன்னா நைனா? பாடு வர்ற வரைக்கும் கரையில குந்திகினு மொபைல் நோண்டணும். நாலு வருசம் போய்ட்டு வரேன். அதுக்குள்ள முகத்துவாரம் தோண்டுவாங்க. வந்து வலை கட்டறேன்."

அவன் போட்ட கணக்கு இதுதான். நாலு வருஷத்துக்கு ஒரு வேலை, அதற்குப் பிறகு ஏரி. மூன்று ஆவணியில் ஒன்றுக்காவது லீவு கிடைக்காதா, பட்டாளம் அவனை அனுப்பிவிட்டாலும் பாடு இருக்கும் என்று நம்பித்தான் போனான். அந்த ஒரு பிடிமானத்தில் நானும் விட்டேன்.

இப்போது பட்டாளத்தில் எல்லாம் மாறிவிட்டது என்கிறார்கள். மாறியிருக்கிறது. எனக்கு இன்லேண்டு லெட்டர், அவனுக்கு வீடியோ கால். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். குளிரில் உதடு வெடித்திருக்கும், மோவாயில் மழித்த கீறல் இருக்கும். பின்னால் மடித்த கம்பளியின் ஓரம் தெரியும், கத்திபோல நிற்கும். "இன்னா சாப்ட்ட?" என்று அவன் அம்மா கேட்டால், "ரொட்டி, பருப்பு, உருளைக்கிழங்கு" என்பான். போன்தான் புதுசு. மற்றதெல்லாம் நான் விட்டுவிட்டு வந்த இடத்திலேயே இருக்கிறது.

முதல் ஆவணி அவன் பயிற்சியில் இருந்தான். இரண்டாவது ஆவணி வேறு இடத்துக்கு மாற்றிய நேரம். மூன்றாவது ஆவணி இந்த வருஷம். நான் பல மாசத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன்: "லீவு கேக்கும்போது இறால், சீட்டு எதுவும் சொல்லாதே. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு." அவன் கேட்கவில்லை. "நல்லாக் கீற அம்மாவ எதுக்கு நைனா படுக்க வெக்கணும்?" என்று சொல்லிவிட்டு உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறான். லீவும் கொடுத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முந்தின வாரம் எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, பட்டாளத்தில் அதெல்லாம் சொல்வதில்லை.

அந்த வாரம்தான் ஆகஸ்ட் பதினைந்தும் வந்தது. இந்தத் தடவை ஊர் இளைஞர்கள் பேனரே அடித்துவிட்டார்கள். என் மகன் சீருடையில் நிற்கிற படம், மேலே கொடி, கீழே எங்கள் ஊரின் சிங்கமே என்று எழுத்து. நான் கொடி ஏற்றினேன். மச்சான் மைக்கைப் பிடித்து, இந்த மண்ணின் பிள்ளைகள் எல்லையில் நிற்பதால்தான் நாம் இங்கே நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றெல்லாம் பேசினார். பேச்சு முடிந்ததும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பையனுடைய பாட்டைப் பற்றிக் கேட்டேன். "சீட்டு அன்னிக்கு வா மச்சான், ஊர்ல பேசலாம்" என்றார். சரி என்று வந்தேன். மனசுக்குள் ஒரு யோசனை இருந்தது.

சீட்டு அன்று காலையில் என் மகன் அவனுடைய ஹவில்தாரிடம் கெஞ்சி, கொஞ்ச நேரம் போனுக்கு அனுமதி வாங்கியிருந்தான். கோயில் வாசலில் ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவியும் மற்றப் பெண்களும் தள்ளி, வேப்பமரத்தடியில் நின்றார்கள். வட்டத்துக்குள் பெண்கள் வரும் வழக்கம் இல்லை. நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். திரையில் அவன் முகம் வந்ததும் ஊரே எழுந்துவிட்டது. சின்னப் பிள்ளைகள் சல்யூட் அடித்தார்கள். "சாப்ட்டியாடா கண்ணு?", "இன்னாடா இப்டி எளைச்சுட்ட?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். பொய் இல்லை, அந்த அன்பு நிஜம். அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டபோது நான் முன்னால் போனேன். "அவன் பார்த்துக்கினே இருப்பான். எந்தச் சீட்டுன்னு அவனே சொல்லுவான். நான் எடுத்துக் குடுக்கறேன். கை என்னுது, சொல்லு அவனுது" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். "போன்ல கை வருமா பட்டாளத்தாரே?" என்று ஒருவன் கேட்டான். மீஞ்சூரிலிருந்து ஒரு நாள் லீவில் வந்தவன் அவன்.

மச்சான் எழுந்து நின்றார். "உம் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் எனக்கு மருமவன், தூக்கி வளத்த புள்ள. அதனாலதான் நான் சலுகை காட்டக் கூடாது. சொந்தக் கை வெக்கணும், அதான் கட்டுப்பாடு. மூணு வருசம் ஆயிட்ச்சு. இவனுக்கு வுட்டா நாளைக்குத் துபாய்ல கீறவன் கேப்பான்."

"துபாய்ல கீறவனுக்கு பேனர் கட்டுனீங்களா? போன வாரம் மைக்ல நீ இன்னா பேசுன?"

"அது மைக்கு மச்சான்" என்றார்.

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே எனக்குப் புரியவைக்கிற மாதிரி சொன்னார். "என்னை வெட்டுனப்ப பென்ஷன் வருதுன்னு சொன்னே. அவனுக்கு இன்னா வருது? அடுத்த வருசம் அனுப்பிட்டா அவனுக்கு இன்னாய்யா கீது?" என்று கத்தினேன். மொத்தமாக ஏதோ தொகை தருவார்களாமே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தத் தொகையை ஏரியில் கொட்டினால் இறால் வருமா என்று கேட்டேன். மச்சான் பக்கத்தில் பெயர் நோட்டோடு இருந்தவரைப் பார்த்துத் தலையை அசைத்தார். பெயரை வெட்டியாகிவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். முறை கொஞ்சம் முன்னால் வரும் என்ற கணக்கு ஒவ்வொருவன் தலைக்குள்ளும் ஓடுவது எனக்குக் கேட்டது.

போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் நடந்தேன். என் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். திரை நின்று நின்று ஓடியது.

"நைனா, ஒரே சத்தம், ஒண்ணும் கேக்கல. எனக்கு எந்த எடம் வுழுந்துச்சு?"

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கலாம். அம்மாவுக்கு நோய் என்றுகூடப் பொய் சொல்லாத பிள்ளையிடம் எனக்கு வாய் வரவில்லை. "வெட்டிட்டாங்கடா" என்றேன்.

திரையில் அவன் முகம் அப்படியே நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். கண் இமைத்தான், அதனால் லைன் இருக்கிறது என்று தெரிந்தது.

"அடுத்த வருசம் இவங்க அனுப்பிருவாங்க நைனா. கொஞ்சம் பேரைத்தான் நிறுத்திப்பாங்களாம். அப்ப நான் எங்க வரணும்?"

"வூட்டுக்கு வாடா" என்றேன்.

"வூட்டுக்கு வந்து?"

அந்தப் பக்கம் விசில் அடித்தது. அவன் முகத்தைத் திருப்பி இந்தியில் "வந்தேன் சார்" என்று சத்தமாகக் குரல் கொடுத்தான். திரை அணைந்தது.

எல்லாம் என் மனைவி காதிலும் விழுந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த வட்டத்துக்குள் போய், சொம்புக்கு எதிரில் நின்றாள். ஒருவரும் போ என்று சொல்லவில்லை.

"அண்ணா, எம் புள்ள எங்க வரணும்னு கேக்கறான்" என்றாள்.

மச்சான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொம்பை ஒரு தடவை குலுக்கிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.